ஓய்வுக்குப் பிறகு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களைச் சுற்றிக்கொண்டே அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்யும் தம்பதிகளுக்கு அதில் என்ன லாபம்?

"லாபம்" என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ கிளம்பப்போவதாகச் சொல்லியிருப்பார்கள், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். "ரிட்டயர் ஆன வயசுல ஊரான் கடற்கரையில குப்பை பொறுக்கணுமா" என்று நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்டார்.

பணக்கணக்கை முதலில் முடித்துவிடலாம். 250 மணி நேரம் வேலை செய்தால் ஒரு வருடத்துக்கு நுழைவுக் கட்டணமில்லாத பாஸ் உண்டு. ஆனால் 62 வயதான குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் 80 டாலருக்கு ஆயுள் பாஸே கிடைக்கிறது, அப்புறம் யார் அதற்காக வெயிலில் நிற்பார்கள்? கேம்ப் ஹோஸ்டாக, அதாவது முகாமிடுபவர்களைக் கவனித்துக்கொள்பவராக, போனால் பல பூங்காக்களில் ஆர்வி என்னும் வீட்டு வண்டியை நிறுத்த இடம் இலவசம். அவ்வளவுதான்.

நாங்கள் டெக்சாஸ்வாசிகள். முதலில் எல்லோரையும் போலத்தான் சுற்றினோம். பிக் பெண்ட், கார்ல்ஸ்பாட் குகை, அரிசோனாவில் மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட். பூங்கா பாஸ்போர்ட் புத்தகம் என்று ஒன்று விற்கிறார்கள், போன இடத்தில் எல்லாம் தேதியோடு முத்திரை குத்திக்கொள்ளலாம். அந்த முத்திரை என் வீட்டுக்காரரைப் பிடித்து ஆட்டியது. குத்தியதும் காரில் ஏறி "அடுத்தது எது" என்பார், நான் இன்னும் கழிவறை வரிசையில்கூட நின்றிருக்க மாட்டேன். காருக்குள் நாங்கள் பேசிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

அது மாறியது பாட்ரே தீவில், டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரத்துப் பக்கம், அங்கே நாங்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்தபோது. கட்டடம் எதுவும் எழும்பாத சுமார் 113 கிலோமீட்டர் கடற்கரை. கெம்ப்ஸ் ரிட்லி என்ற சின்னக் கடல் ஆமைக்கு அமெரிக்காவில் முக்கியமான இடம் அதுதான். மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947இல் ஒரே நாளில் சுமார் 40,000 ஆமைகள் ஏறியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். 1985இல் பருவம் முழுக்க எண்ணியும் 702 கூடுதான். அதனால் 1978 முதல் 1988 வரை அங்கிருந்து முட்டைகளைப் பாட்ரே மணலிலேயே பொதிந்து இங்கே கொண்டுவந்தார்கள். குஞ்சுகளை இந்தக் கரையில் நடக்கவிட்டுக் கடலைத் தொடவைத்து, பிறகு பிடித்துக் கொஞ்சம் வளர்த்துக் கடலில் விட்டார்கள். 1996இல் அவற்றில் இரண்டு திரும்பிவந்து முட்டையிட்டன.

என் வீட்டுக்காரர் வேதாரண்யம் பக்கத்துக்காரர். அங்கே கரையேறும் பங்குனி ஆமை இதற்கு நெருங்கிய சொந்தம். கூடு தேடிக் கரையில் ரோந்து வண்டியில் போவது அவர் வேலை. அப்போது தேட வேண்டியது ஆமையை அல்ல, தடத்தை. எடை குறைவான ஆமை, அதுவும் காற்று பலமாக அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் ஏறும், தடம் சீக்கிரம் மூடிவிடும். கைகளை மாற்றி மாற்றிப் போட்டு நகர்ந்த அந்தக் கோணல் வரிசை, பழகாத கண்ணுக்கு வெறும் மணல்தான். மனிதர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, "இது நம்மூர் ஆமை நடை" என்றார். கூடவந்த பெண்ணுக்குப் புரியவில்லை, ஆனால் கூடு இருந்தது. முட்டையை நாங்கள் தொடக் கூடாது, தகவல் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், பயிற்சி பெற்றவர்கள் வந்து எடுப்பார்கள். அன்றைக்கு மாலைவரை அவர் முத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்கு, அப்படி எடுத்த முட்டைகள் பொரிந்த பிறகு குஞ்சுகளைக் கடலுக்கு விடும் வேலை. கோடையில் விடியற்காலையில் மக்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள், கடற்காக்கை கொத்தாமல் இருக்க நாங்கள் குஞ்சுகளுக்கு மேலே வலை பிடிப்போம். ஒன்று பாதியில் நின்றுவிட்டால் கூட்டமே "தூக்கி விடுங்களேன்" என்று கெஞ்சும். தூக்க மாட்டோம், அந்த நடையில்தான் கரை அதன் மனதில் பதிகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. குஞ்சு தயாராகாத நாளில் நாலு மணி நேரம் ஓட்டி வந்தவர்கள் எங்களிடம்தான் எரிந்து விழுவார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது கமெண்டில் வருவீர்கள், "அடுத்தவர் வேலையைப் பறிக்கிறீர்கள்" என்று. சம்பளக்காரர் இடத்தில் தன்னார்வலரை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி, நடைமுறையில் ஆள் பற்றாக்குறையை நாங்கள் கொஞ்சம் மறைக்கிறோம் என்றால் அதை மறுக்கவில்லை. "சென்னையில் செய்யக் கூடாதா" என்பவர்களுக்கு: அங்கே மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து இதே ஆமை வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள், நீங்கள் பெசன்ட் நகரில்தானே இருக்கிறீர்கள், போயிருக்கிறீர்களா?

சம்பளமில்லா வேலை பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் எங்கள் ஊர்த் தமிழ் அமைப்பைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படலாம். வருடக்கணக்கில் பொங்கல் விழாவுக்கு நான் சாம்பார் வைத்தேன், பொன்னாடை செக் கொடுத்தவருக்கு. போன முறை கரண்டியைக் கழுவி வைக்கவில்லை என்று மெயில் வேறு. பூங்காவில் எனக்குத் தன்னார்வலர் சின்னம் தைத்த சட்டையும் தொப்பியும் கொடுத்து, காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். லாபம் கேட்டீர்களே, எழுதிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் வாலண்டியர் டாட் கவ் தளத்தில். கோடைக்கு வேண்டுமென்றால் முந்தைய குளிர்காலத்திலேயே பாருங்கள். பெற்றோர் சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள் என்றால் பூங்கா அலுவலகத்தில் கேட்காமல் இறங்க வேண்டாம். ஒரே வேலையை இருவரும் கேட்காதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள், சாயங்காலம் பேச விஷயம் இருக்கும்.