பழைய சிறு பாய்மரப் படகை வாங்கி, நாமே சரிசெய்து கடலோரமாகச் சுற்ற முடியுமா?

இங்கிலாந்தின் தென்கரையில் இருப்பதாகவும், அதிகச் செலவில்லாமல் இதைச் செய்ய ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நானும் சவுத்தாம்ப்டன் பக்கம்தான். வெஸ்டர்லி சென்டார் என்ற பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். 26 அடி. 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள் என்பதால் இன்றும் சில ஆயிரம் பவுண்டுக்கு அகப்படும். அடியில் இரட்டைக் கீல் (படகின் அடியிலிருந்து கீழே நீளும் கனமான தகடு). தண்ணீர் வற்றினாலும் சாயாமல் சேற்றில் நிமிர்ந்து உட்காரும். அதனால் ஆழமில்லாத ஓடைகளிலேயே கட்டிப்போடலாம், மரினா (படகு நிறுத்துமிடம்) வாடகை மிச்சம்.

விலையைப் பார்த்து மயங்காதீர்கள். கிரேனில் தூக்க, கரையிலுள்ள படகு யார்டில் நிறுத்த, எல்லாவற்றுக்கும் படகின் நீளத்தை அளந்துதான் பணம் கேட்பார்கள். சின்னப் படகே போதும் என்று சொல்வது இதற்காகத்தான்.

பலர் மெத்தை உறை, வார்னிஷ் என்று உள்ளலங்காரத்தில் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பணம் நீர்மட்டத்துக்குக் கீழே போகவேண்டும். படகின் உடலில் துளைபோட்டு மாட்டிய வால்வுகளை (சீகாக் என்பார்கள்) கத்தி முனையால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், பித்தளையிலிருந்த துத்தநாகத்தை உப்புநீர் தின்றுவிட்டது என்று அர்த்தம். மிஞ்சியிருப்பது நொறுங்கத் தயாரான செம்பு. யோசிக்காமல் வெண்கலத்துக்கு மாற்றிவிடுங்கள். சென்டாரில் கீல் உடலோடு சேரும் இடமும் பலவீனமானது. உள்ளே பலகையைத் தூக்கி விரிசல் இருக்கிறதா, முந்தைய உரிமையாளர் ஃபைபர் கிளாஸ் அடுக்குப் போட்டுப் பலப்படுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். இதற்கு மட்டும், படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயருக்குக் காசு கொடுக்கத் தயங்கவேண்டாம். அடியில் ஃபைபர் கிளாஸில் நீர் ஊறி நாலைந்து கொப்புளம் இருந்தால் பதறத் தேவையில்லை, விலையைக் குறைக்க உதவும்.

அடுத்தது மாஸ்டை (பாய் கட்டும் கம்பத்தை) பிடித்திருக்கும் கம்பிகள். பத்து வருடம் தாண்டியிருந்தால் இன்சூரன்ஸ்காரர்களே பெரும்பாலும் மாற்றச் சொல்வார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசக்கூடாது.

சொந்த உல்லாசப் படகை இங்கே கடலில் ஓட்ட லைசென்ஸ் கட்டாயமில்லை. படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவில் பேசத்தான் சான்றிதழ் வேண்டும். ஆனால் சொலண்டில் (வைட் தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவிலுள்ள நீரிணையில்) காற்றைவிட நீரோட்டம்தான் எஜமான். ஹர்ஸ்ட் கோட்டையருகே உள்ள குறுகிய வழியில், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்துக்கு மேல் இழுக்கும். நம் படகு நன்றாக ஓடினாலே ஐந்துதான். எதிர்த்துப் போனால் கரையில் தெரியும் மரம் நகராது. மேற்கே போக வற்றத்தோடு, அதாவது கடல் வற்றும்போது மேற்கே ஓடும் நீரோட்டத்தோடு, கிளம்பவேண்டும். அதே நேரத்தில் தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால், வைட் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகள் பக்கம் அலை செங்குத்தாக எழும்பும். அன்றைக்குத் தீவிலுள்ள யார்மத் துறைமுகத்திலேயே இருந்து டீ குடியுங்கள்.

முதல் பயணத்துக்கு யார்மத்திலிருந்து மேற்கே பூல் துறைமுகம் சரியான தூரம், சுமார் 20 கடல் மைல். வழியில் ஸ்டட்லண்ட் விரிகுடாவில் மேற்குக் காற்றுக்கு நல்ல மறைவு உண்டு. கடற்குதிரை வாழும் கடற்புல் அங்கே இருப்பதால் நங்கூரம் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பகுதியைத் தவிர்த்துப் போடுங்கள். பூல் வாசலில் சங்கிலிப் படகு (சங்கிலியைப் பிடித்து நகரும் அக்கரைப் படகு) குறுக்கே போய்வரும், அதற்கு வழிவிட்டு நுழையுங்கள். இன்னும் மேற்கே இருக்கும் போர்ட்லண்ட் முனையைத் தாண்டும் ஆசையை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளலாம்.