ஏடும் கல்லும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் பெங்களூர் வாசகர்கள் அனுப்பியவற்றில் பழைய பாட்டும் கல்வெட்டும் பற்றிய கேள்விகள் மட்டும் இங்கே.

மகன் பள்ளியில் கன்னடமும் இந்தியும் படிக்கிறான். தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. அவனுக்குச் சங்கப் பாட்டு சொல்லிக்கொடுக்க முடியுமா? எதில் தொடங்குவது?
– வாசகி, இந்திராநகர்

முடியும். அவனுக்குக் கன்னடம் தெரிவது உங்களுக்கு வசதிதான். எப்படி என்று கீழே பாருங்கள். புறநானூற்றில் தொடங்க வேண்டாம், மன்னர் பெயர்களிலேயே பிள்ளை களைத்துவிடுவான். குறுந்தொகையை எடுங்கள். பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். அதில் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது, முழுக்கச் சமையல்கட்டு:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅ துடீஇக்
குவளை யுண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந் தட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவ னுண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன் றொண்ணுதல் முகனே.

உரையை மூடிவைத்துவிட்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு பென்சிலால் சொற்களைப் பிரியுங்கள். ‘கழாஅது உடீஇ’ என்றால் துவைக்காமல் உடுத்திக்கொண்டு. ‘குய்’ தாளிப்பு. தயிர் பிசைந்த விரலைக் கட்டியிருக்கும் துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. ‘அட்ட’ என்ற இடத்தில் மகன் உங்களை முந்துவான். கன்னடத்தில் சமையலறைக்கு ‘அடிகெ மனெ’ என்பது அவனுக்குத் தெரியும். அந்த ‘அடு’தான் இது. நம் பேச்சில் அது அடுப்பு, அடுக்களை போன்ற சொற்களில் மிஞ்சியிருக்கிறது.

பலரும் சறுக்குவது கடைசி அடியில். ‘மகிழ்ந்தன்று’ என்பதில் ‘அன்று’ இருப்பதால் ‘மகிழவில்லை’ என்று படித்துவிடுகிறார்கள்; பாட்டே தலைகீழாகிவிடும். இங்கே ‘அன்’ வெறும் சாரியை, தனிப்பொருள் இல்லாத சேர்க்கை. ‘மகிழ்ந்தது’ என்றுதான் பொருள். அதுவும் ‘நுண்ணிதின்’: சாப்பிடுகிறவன் கவனித்தானோ என்னவோ, வீட்டுக்கு வந்துபோன செவிலித்தாய் கவனித்திருக்கிறாள், போய்ப் பெற்றவளிடம் சொல்கிறாள்.

வாரம் ஒரு பாட்டு போதும். உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பில் பதவுரை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் ‘அட்ட’, ‘உடீஇ’ என்று பாட்டில் உள்ளபடியே தேடினால் கிடைக்காது. ‘அடு’, ‘உடு’ என்று வினையடியைத் தேட வேண்டும்.

மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரில் தமிழ் எழுத்து தெரிகிறது. ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், பி.டி.எம். லேஅவுட்

முதலில் சுவரை விட்டுவிட்டு அச்சுக்குப் போங்கள். கல்வெட்டு ஆய்வாளர் பி.எல். ரைஸ் தொகுத்து 1905இல் வெளிவந்த ‘எபிகிராபியா கர்னாடிகா’ என்ற கல்வெட்டுத் தொகுப்பின் 9ஆம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக்கானது. தாலுகா வாரியாக எண்ணிட்டிருப்பார்கள். அந்தக் கோயிலில் உள்ளவற்றில் பழையது 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிலக்கொடை ஒன்றில் பெங்களூரின் பெரிய ஏரி வருகிறது. தாமரையில் தொடங்கும் பெயரோடு இன்றைய தாவரெகெரே வருகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் கண் தானாக எழுத்தைப் பிடிக்கும்.

படிக்க முடியாததற்குக் காரணம் தேய்மானம் மட்டுமல்ல. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. ‘கொன’ என்றிருப்பது ‘கோன்’ ஆகலாம். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை, வரி முடிந்தால் சொல் பாதியில் முறியும். தொடக்கத்து ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ வடமொழிக்கான கிரந்த எழுத்தில் இருக்கும். அதையே நங்கூரமாக வைத்து அடுத்த எழுத்துகளுக்குப் போங்கள்.

ஆண்டு எண்ணில் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௱௬௰௯ என்றால் 1169. சக ஆண்டு என்ற பழைய ஆண்டுக் கணக்கானால் 78 கூட்ட, கி.பி. 1247. தை, மாசியில் வெட்டியதானால் 79 கூட்ட வேண்டும். இதை மறந்து ஓராண்டு பிசகுகிறவர்கள் உண்டு. ‘யாண்டு’ என்று மன்னன் பெயரோடு வந்தால் அது ஆட்சியாண்டு, இந்தக் கணக்கு செல்லாது.

படம் எடுக்க: நேர் பிளாஷ் வேண்டாம், பள்ளமெல்லாம் தட்டையாகிவிடும். டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம். பக்கத்தில் ஓர் அளவுகோல். மாவோ சாக்கட்டியோ தேய்க்கவே தேய்க்காதீர்கள். தேய்க்கிறவர் தமக்குத் தெரிந்த எழுத்தைத்தான் வரைகிறார். அடுத்து வருகிறவர் அந்தப் பிழையைத்தான் படிக்கிறார். கம்பி பிரஷ் அதைவிட மோசம். கல்லில் தாளை ஒட்டி மையால் மையொற்றுப் படி எடுக்கக் கோயில் நிர்வாகத்திடமும் தொல்லியல் துறையிடமும் கேட்க வேண்டும். பெங்களூரின் வரலாற்று ஆய்வுச் சங்கமான மிதிக் சொசைட்டி 2021 முதல் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்துவருகிறது. கல்லைத் தொடாமலே படிக்க அது நல்ல வழி.

புறநானூறு வரலாறா, கற்பனையா? வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், அல்சூர்

மொத்தமாகப் பதில் சொல்ல முடியாது, செய்தி செய்தியாகத்தான் பார்க்க வேண்டும். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’. ‘ஈத்த பாளி’ என்றால் கொடுத்த குகை உறைவிடம். ஔவை பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் கல்லில் இருக்கிறது. ‘ஸதியபுதோ’ என்றிருப்பதால், அசோகன் சாசனத்துச் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய கேள்விக்கும் விடை கிடைத்தது. ஆனால் அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததற்கு இது சான்றாகாது. கீழடியிலும் அப்படியே. 2019 அறிக்கையில் வந்த கி.மு. 580 என்பது 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியின் காலம். எந்தப் பாட்டின் காலமும் அல்ல.

அலுவலக விழாவுக்கு ‘யாதும் ஊரே’ பலகை வைக்கிறோம். கவனிக்க வேண்டியது?
– வாசகி, ஒயிட்பீல்டு

எழுத்துப் பிழை. ‘கேளிர்’ என்றால் உறவினர். ‘கேளீர்’ என்று அச்சாகிவிட்டால் எல்லோரையும் காது கொடுக்கச் சொன்னதாகிவிடும். இடம் இருந்தால் 13 அடியையும் போடுங்கள். இல்லையென்றால் ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்ற முடிவையாவது சேருங்கள். மேலாளர் அறைப் பக்கமாக வைத்தால் இன்னும் பொருத்தம்.