கால் மருத்துவம் படிக்கும் முன் எங்கே நின்று பார்ப்பது?

கேள்வி: பிளஸ் டூ எழுதியிருக்கிறேன். அப்பா கடலுக்குப் போகிறவர். சர்க்கரைப் புண்ணால் அவருக்கு ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள். பாதத்துக்கென்றே மருத்துவம் படிக்க ஆசை. முதலில் அறுவை மருத்துவர்களோடு சில நாள் கூடவே இருந்து பார் என்கிறார்கள். யாரைக் கேட்பது, எதைப் பார்ப்பது?
– வாசகி, பாம்பன்

பதில்: அமெரிக்காவில் 'போடியாட்ரி' எனும் பாத மருத்துவம் தனிப் படிப்பு. கல்லூரிப் படிப்புக்குப் பின் 4 ஆண்டு, அதன்மேல் 3 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. இங்கிலாந்தில் 3 ஆண்டுப் பட்டம். நம் ஊரில் இந்த வேலை பலர் கையில் பிரிந்து கிடக்கிறது. சீழைக் கீறி, செத்த சதையை எடுப்பவர் பொது அறுவை மருத்துவர். எலும்புக் கோணலை நேராக்குபவர் ஆர்த்தோ. தோல் ஒட்டுவது பிளாஸ்டிக் சர்ஜன். எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்புக்கும் செயற்கைக் காலுக்கும் அளவெடுப்பவர் பி.பி.ஓ. (செயற்கை உறுப்பு, துணைக்கருவிப் பட்டம்) படித்தவர், அதற்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. இவர்களில் யார் செய்யும் வேலை உங்களைப் பிடித்து நிறுத்துகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த நாட்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன் பெயருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எந்தப் பிரிவு, எத்தனை நாள், என்ன படித்திருக்கிறீர்கள் என்பதோடு பெற்றோர் கையெழுத்தும் இருக்கட்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 3 தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. இப்போதே தொடங்குங்கள். நோயாளி சம்மதிக்காவிட்டால் வெளியே வந்துவிட வேண்டும். போன் பையிலேயே இருக்கட்டும். குறிப்பேட்டில் பெயர் எழுதாதீர்கள்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தியேட்டர்மேல்தான் கண். நாங்கள் சொல்வது, ஓ.பி.யிலும் டிரெஸ்ஸிங் அறையிலும் கூடுதல் நேரம் நில்லுங்கள். கால் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. உணர்ச்சி பார்க்கும் நைலான் இழையைக் கவனியுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது அது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடியிலும் முன்பாத மேட்டிலும் இழை வளையும்வரை ஒரு விநாடி அழுத்தி எடுப்பார்கள். ஆணி விழுந்து தடித்த தோல்மேல் வைத்தால் நல்ல காலுக்கும் தெரியாது. அதனால் அதை விட்டுப் பக்கத்தில் வைப்பார்கள்.

அடுத்து, ரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் டாப்ளர் கருவி. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிப்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் அடைப்பு இருந்தும் எண் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஏமாறாமல் மருத்துவர் வேறு எதையெல்லாம் பார்க்கிறார் என்று கேளுங்கள்.

நம் கரையில் இரண்டு கேள்விகள் அவசியம் காதில் விழ வேண்டும். ஒன்று, "முள் குத்தியதா?" சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து நுனி முறிந்து உள்ளேயே நின்றுவிடும், மரத்த காலுக்கு அது தெரியாது. நல்ல மருத்துவர் செருப்புக்குள்ளும் கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். இன்னொன்று, "புண்ணோடு கடலில் இறங்கினீர்களா?" கடல்நீரிலுள்ள விப்ரியோ கிருமி சர்க்கரையோ ஈரல் நோயோ உள்ளவர் காலில் ஏறினால் மணிக்கணக்கில் பரவும். பாசி எடுக்கப் போகிறவர்களிடமும் வலைக்காரர்களிடமும் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

புண் ஆறாததற்கு மருந்தைக் குறை சொல்வார்கள். புண்மேல் அதே பாரம் ஏறிக்கொண்டிருந்தால் எந்த மருந்தும் நிற்காது. பெருவிரலை எடுத்தபின் பாரம் பக்கத்து விரல்களுக்குப் போய், அங்கே புதுப் புண் வரலாம். உங்கள் அப்பாவின் செருப்பை ஏற்ற ஆளிடம் காட்டி அளவெடுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: ரத்தம் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அப்படியானால் இந்தப் படிப்பு ஒத்துவராதா?
– வாசகர், தொண்டி

பதில்: ஒத்துவரும், பலருக்கு முதல் சில தடவைதான் அப்படி. வெறும் வயிற்றோடு தியேட்டருக்குள் போகாதீர்கள். முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள். கைகளை மார்புக்கு நேரே கோத்து, பச்சைத் துணி விரித்த மேசையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். கண் இருட்டினால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுச் சுவரோரம் தரையில் உட்காருங்கள். மேசைப் பக்கம் சாய்ந்து விழுந்தால் கருவி அத்தனையும் மாற்ற வேண்டிவரும்.

ரத்தத்தைவிட அழுகிய புண்ணின் நாற்றம்தான் கடினம். கட்டைப் பிரிக்கும்போது நீங்கள் முகம் சுளித்தால் அந்த நோயாளி அடுத்த முறை கட்டு மாற்ற வரத் தயங்குவார். மாஸ்க்குக்குள் வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள்.