பெட்டியில் 1000 வாட், கம்பத்தில் 15 வாட்

போன மாதம் ஒரு வாசகருக்கு, "வீட்டுக் காற்றாலை வாங்குமுன் யோசியுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதற்கு நம் தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்தும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வாங்கிவிட்டு அப்புறம் யோசித்தவர்கள்தான் அதில் அதிகம். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுப் போடுகிறேன்.

கேள்வி: கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. மெயின் லைன் கிடையாது. 550 வாட் பேனல் ஆறும் 48 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்றும் இருக்கின்றன. மார்கழி, தையில் மூன்று நாள் மூட்டம் போட்டால் பேட்டரி காலி. ஆன்லைனில் 1000 வாட் காற்றாலை 6,500 ரேண்டுக்கு வருகிறது, இறக்கை சுற்றும் வட்டம் 1.3 மீட்டர். சோலாரோடு சேர்த்துப் போட்டால் ராத்திரியும் சார்ஜ் ஏறும்தானே? — டொங்காட்

பதில்: வட்டத்தின் அளவைக் கேட்டு எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. மற்றவர்கள் எல்லாரும் வாட்டை மட்டும் எழுதுகிறார்கள்.

இது என் பழைய வயிற்றெரிச்சல், கொஞ்சம் நீளமாகவே போகும். காற்றாலைப் பெட்டியில் அச்சடித்த வாட் என்பது கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளைச் சம்பளம் மாதிரி. எந்தக் காற்றில் அந்த வாட் வரும் என்று கேட்டால் வினாடிக்கு 11 மீட்டர், 12 மீட்டர் என்பார்கள். 12 மீட்டர் என்றால் மணிக்கு 43 கிலோமீட்டர். பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிக்கத் திணறுவோம். அப்படி ஒரு காற்று உங்கள் வீட்டு முற்றத்தில் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் அடிக்கிறது?

அடித்தாலும் 1000 வாட் வராது. 1.3 மீட்டர் வட்டத்தின் பரப்பு 1.33 சதுர மீட்டர். 12 மீட்டர் வேகத்தில் அந்த வட்டத்துக்குள் நுழையும் காற்றில் மொத்தமாக இருப்பதே சுமார் 1400 வாட். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது. பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். எல்லாக் காற்றையும் பிடுங்கினால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வருவது எப்படி உள்ளே வரும்? ஆக உச்சவரம்பே 830 வாட். சின்ன ஆலைகள் உண்மையில் எடுப்பது கால் பங்கு, ரொம்ப நன்றாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. அதாவது அந்தக் குடை பறக்கும் காற்றிலேயே 400 வாட் பார்த்தால் பெரிய விஷயம். 1000 என்று போட்டவன் பள்ளிக்கூடப் பௌதிகத்தையே ஏமாற்றியிருக்கிறான்.

இனி சாதாரண நாள். இலையும் சின்னக் கிளையும் விடாமல் அசையும் காற்று வினாடிக்கு 4 மீட்டர். வேகம் மூன்றில் ஒன்றானால் சக்தி இருபத்தேழில் ஒன்றாகிவிடும். அந்தக் காற்றில் உங்கள் ஆலை தருவது 15 வாட்டுக்குள். நாள் முழுக்க நிற்காமல் அடித்தால் 360 வாட்-அவர் (ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட்). நடுவில் பலமாக வீசியதையும் சேர்த்து இரட்டிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் உங்கள் ஒரே ஒரு பேனல் 2000 வாட்-அவர் தருகிறது, எண்ணெய்கூடப் போட வேண்டாம்.

ராத்திரிக் கணக்கும் இங்கே சரிவராது. நம் கரையோரத்து வடகிழக்குக் காற்று பகல் ஏற ஏறத்தான் பலமாகும், இருட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பேனல் ஓடும் நேரத்திலேயே காற்றாலையும் ஓடினால் என்ன லாபம்? தென்மேற்கிலிருந்து மழையோடு வருகிற காற்று வேறு ரகம், அது குத்திக் குத்தி வரும். 2024 ஜூன் 3இல் சூறாவளி பார்த்த ஊர் உங்களுடையது. கம்பம் நடுவதென்றால் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

6,500 ரேண்டுக்கு இன்னும் இரண்டு பேனல் போடுங்கள், பேட்டரிக்குப் போகும் சார்ஜை அளந்துவிடும் கன்ட்ரோலர் அந்த வோல்டேஜைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு. மூட்டத்திலும் பேனல் கொஞ்சமாவது தரும். மூன்றாவது நாளுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் இருக்கட்டும். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

கேள்வி: பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். கூரை மேல் சின்னதாக ஒரு காற்றாலை வைக்கலாமா? — ஃபீனிக்ஸ்

பதில்: சத்தமும் அதிர்வும் சுவர் வழியே அவர்களுக்கும் போகும். பக்கத்து வீட்டாரோடு உறவு வேண்டாம் என்றால் வையுங்கள்.

கேள்வி: கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறேன். கோயிலில் கஞ்சி ஊற்றிய வாரம் இரண்டு பையன்கள் வீடு தேடி வந்தார்கள். "ஆயா, கூரையில் போட்டால் கரன்ட் பில்லே வராது" என்றார்கள். சேமிப்பிலிருந்து 18,000 ரேண்ட் கொடுத்தேன். இரண்டு மாதம் சுற்றியது, பில் குறையவில்லை. இப்போது சுற்றவும் இல்லை, கூரை ஓடு இரண்டு விரிசல். கேட்டால் ரசீதைக் காட்டி "பணம் திரும்பத் தரப்படாது என்று போட்டிருக்கிறதே" என்கிறார்கள். என் முட்டாள்தனம்தான். — சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, கடைசி வரியை வாபஸ் வாங்குங்கள். தெரிந்தே பொய் சொன்னவன் அவன். ரசீதில் அச்சடித்தால் சட்டம் மாறிவிடாது.

2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வீடு தேடி வந்து விற்றதை ஐந்து வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்திருக்கலாம். அந்தக் கெடு போய்விட்டது, போகட்டும். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் அது பழுது என்றாலோ, சொன்ன வேலைக்கு உதவவில்லை என்றாலோ திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, வேறு தருவதா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, அவர்களுடையது அல்ல. இறக்கிக் கொண்டுபோகும் செலவும் அவர்கள் தலையில்தான். நீங்கள் பணத்தைக் கேளுங்கள். பழுது பார்க்க விட்டால் ஏறி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று போய்விடுவார்கள்.

போனில் பேசாதீர்கள். பேரனை விட்டு வாட்ஸப்பிலும் கடிதத்திலும் எழுதச் சொல்லுங்கள்: வாங்கிய தேதி, நின்ற தேதி, அவர்கள் சொன்ன வார்த்தை, ஓட்டு விரிசலின் படம், முன்னும் பின்னும் வந்த கரன்ட் பில். மின் வேலைக்கான தகுதிச் சான்றிதழையும் கேளுங்கள். பையன்கள் தந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், புகார். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம். 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. வக்கீல் கூடாது, நீங்களே பேச வேண்டும். எனக்கு எழுதியது போலப் பேசினால் போதும். ஆறு மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று இன்றைக்கே காலண்டரைப் பாருங்கள்.

பில் குறையாததில் அதிசயம் இல்லை. பிரிட்டனில் 2007, 2008இல் கட்டடங்களின் மேல் வைத்த 26 காற்றாலைகளை வருஷம் முழுக்க அளந்தார்கள். சராசரியாக ஒன்றுக்கு நாளொன்றுக்கு 214 வாட்-அவர். ஒரு கெட்டிலை ஆறேழு நிமிஷம் போட்டால் தீர்ந்தது.

கேள்வி: 24 வோல்ட் காற்றாலை வாங்கி, ஏற்கெனவே இருந்த சோலார் கன்ட்ரோலரில் பேனல் சொருகும் இடத்திலேயே சொருகினேன். வயர் மூன்று வந்தது, இரண்டைச் சேர்த்தேன். புகை வந்தது. கடைக்காரர் மாற்றித் தருவாரா? — லெனேசியா

பதில்: எதற்கு மாற்றித் தர வேண்டும், தம்பி? மூன்று வயர் ஏன் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கக் கூடாதா? அது திசை மாறி மாறி ஓடும் மூன்று ஃபேஸ் ஏ.சி., பேனலில் வருவது ஒரே திசையில் ஓடும் டி.சி. கூட வந்த தாளில் படம் போட்டே காட்டியிருப்பார்கள்.

இன்னும் பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தீர்கள். பேட்டரி நிறைந்ததும் சோலார் கன்ட்ரோலர் பேனலைத் துண்டித்துவிடும். பேனல் பேசாமல் வெயிலில் கிடக்கும். காற்றாலையைத் துண்டித்தால் கிடக்காது. சுமை இல்லாத இறக்கை வெறி பிடித்துச் சுற்றும், தாங்காமல் பிய்த்துக்கொண்டு போகும். அதனால்தான் காற்றாலைக்கென்று தனிக் கன்ட்ரோலரும், மிஞ்சும் மின்சாரத்தைச் சூடாக எரித்துத் தள்ள ஒரு டம்ப் லோடும் வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் கூடுதல் கவனம். நிறைந்ததும் அதன் உள்ளே காவலுக்கு இருக்கிற பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை சொல்லாமல் கதவைச் சாத்தும், வோல்டேஜ் எகிறி கன்ட்ரோலர் போகும். டம்ப் லோடு அதற்கு முன்னாலேயே வேலையை ஆரம்பிக்கும்படி அமைக்க வேண்டும். சோலாரும் காற்றும் பேட்டரியில்தான் சந்திக்கலாம், ஒரே சொருகுவாயில் அல்ல.

புதிதாக ஒரு கன்ட்ரோலர் வாங்குங்கள், உங்கள் காசில்.

கேள்வி: சோலார் வைத்தால் வரிச் சலுகை தந்தார்களே, காற்றாலைக்கு உண்டா? — பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வீட்டுக்காரர்களுக்குத் தந்த 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ரேண்ட், புதிய சோலார் பேனலுக்கு மட்டும். அதுவும் 2024 பிப்ரவரி 29ஓடு முடிந்த கதை.

கேள்வி: ஓய்வு பெற்றபின் போர்ட் எலிசபெத்துக்கு வெளியே மேட்டு நிலத்தில் வீடு கட்டியிருக்கிறோம். துணி காயப்போட்டால் கிளிப்போடு பறக்கும் காற்று. ஒரு வருஷமாகக் காற்றின் வேகத்தை அளந்து எழுதி வருகிறார் என் கணவர், சராசரி வினாடிக்கு 6 மீட்டர் வருகிறது. சோலார் இருக்கிறது. 2.4 மீட்டர் வட்டமுள்ள ஆலை வைக்கலாமா? வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளித்தான் இடம். — போர்ட் எலிசபெத்

பதில்: ஒரு வருஷம் அளந்தாரா! அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த மாதம் "வாங்குங்கள்" என்று நான் சொல்லப்போவது உங்களுக்கு மட்டும்தான்.

4 மீட்டர் காற்றில் அந்த ஆலை 50 வாட் தரும். 6 மீட்டரில் கிட்டத்தட்ட 165. வேகம் ஒன்றரை மடங்கு, மின்சாரம் மூன்று மடங்குக்கு மேல். நாளுக்கு 4 யூனிட் பக்கம் எதிர்பார்க்கலாம். குளிர்காலத்தில் பகல் சுருங்கி மழை வரும்போது உங்கள் பக்கம் காற்றும் கூடவே வரும், பேனல் படுத்த நாளில் அது கைகொடுக்கும்.

பணத்தை இறக்கையில் மட்டும் போடாதீர்கள், உயரத்தில் போடுங்கள். சுற்றி 150 மீட்டருக்குள் இருக்கிற மரம், கூரை எதுவானாலும் அதன் உச்சியைவிட இறக்கையின் அடிநுனி 9 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே காற்று சுழித்துக்கொண்டுதான் வரும். ஆலை திசை தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பியே பேரிங்கைத் தின்றுவிடும். அடியில் கீல் வைத்து, நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டி, கம்பத்தைச் சாய்த்து இறக்கும்படி செய்யுங்கள். வருஷம் ஒரு முறை இறக்கி நட்டு, போல்ட் பார்க்க வேண்டும். அதற்கு 12 மீட்டர் ஏணியில் ஏறுவது ஓய்வு பெற்றவர் வேலை இல்லை. கம்பம் நடுமுன் நகராட்சியில் எழுதிக் கேளுங்கள், வீட்டு இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

40 மீட்டர் கேபிளையும் சும்மா விடாதீர்கள். 300 வாட்டை 12 வோல்ட் டி.சி.யாக 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அவ்வளவு தூரம் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட 6 வோல்ட் வழியிலேயே போய்விடும், பாதி மண்ணுக்கு. அதே 300 வாட் 48 வோல்ட்டில் வந்தால் ஒன்றரை வோல்ட்தான் நஷ்டம். 48 வோல்ட் ஆலையாகவே கேளுங்கள். கம்பத்தின் அடியில் பிரேக் சுவிட்ச் ஒன்றும் வேண்டும். மூன்று வயரையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் இறக்கை கட்டிப்போட்டது மாதிரி மெதுவாகிவிடும். ஆனால் புயலுக்கு முன்னால் போட வேண்டும், புயல் அடிக்கும்போது அல்ல.

கேள்வி: 12 வோல்ட் 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரி பாதி விலைக்குக் கிடைத்தது. ஒரு கையால் தூக்க முடிகிறது, 5 கிலோதான். தொழில்நுட்பம் முன்னேறிவிட்டதோ? — வெருலம்

பதில்: முன்னேறியது விற்றவர். 100 ஏ.ஹெச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பத்து கிலோ பக்கம் இருக்கும், 5 கிலோவில் வராது. கடைக்குப் போகும்போது தராசு கொண்டுபோங்கள். நான் பேசத் தகுதி உள்ளவன்தான்: 2008இல் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டுப் பயத்தில், ஆழமாக இறக்கி ஏற்றினாலும் தாங்கும் "டீப் சைக்கிள்" ரகம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரண கார் பேட்டரி இரண்டை வாங்கினேன். ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தது அது செத்த பிறகு. ஆன்லைனில் வாங்கியிருந்தால், கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. எந்த நாள் வந்தது என்று எழுதவில்லையே நீங்கள்?

கேள்வி: காற்று இல்லாத நாளிலும் ஓடும் காற்றாலை உண்டா? — ஸ்டாங்கர்

பதில்: கரன்ட்டில் ஓடும். ஃபேன் என்று பெயர்.

கேள்வி: நீங்கள் ஒரு காலத்தில் வாங்கிய ட்யூலிப் பூ மாதிரி நிற்கும் காற்றாலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் தோட்டத்துக்கு அழகாக இருக்கும். விற்பீர்களா? — பாலிட்டோ

பதில்: கண்காட்சியில் வாங்கியது. விற்ற பையன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்கித் தந்து பேசினான், நான் மடங்கிவிட்டேன். "1.5 மீட்டர் காற்றிலேயே சுற்ற ஆரம்பிக்கும் அங்கிள், 600 வாட்" என்றான். சுற்ற ஆரம்பித்தது உண்மை. ஒரு மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம். 4 மீட்டர் காற்றில் அதிலிருந்து மூன்று நான்கு வாட் வரும். பேரனின் போன்கூட உருப்படியாகச் சார்ஜ் ஆகவில்லை. எங்கள் ஊர் இசிபிங்கோவின் கடலோர உப்புக் காற்றில் இரண்டாம் வருஷம் பேரிங் இறுகிவிட்டது. இப்போது குரங்குக் குட்டிகள் அதில் உட்கார்ந்து என் பப்பாளியைத் தின்கின்றன.

காசு வேண்டாம், வந்து கழற்றிக்கொண்டு போங்கள். ஏணி நீங்கள் கொண்டுவர வேண்டும்.