செபமாலை தவறுகிற வீடு

அன்புள்ள ஐயா,

நாங்கள் இளவாலைப் பக்கம். யாழ் நகரில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வர ஆறு மணி. மூத்தவன் உயர்தரம் படிக்கிறான், ரியூசன் முடிந்து வர எட்டரை. அம்மா இருந்த காலத்தில் ஏழு மணிக்கு எல்லாரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்ன வீடு இது. இப்போது கிழமையில் இரண்டு நாள் சொன்னாலே பெரிய காரியம். ஞாயிறு பூசை தவறுவதில்லை. திங்கள் விடிந்தால் கடவுளின் நினைப்பே வருவதில்லை. எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், புதிதாக ஒரு செபத்தையும் சேர்க்க வேண்டாம். நவநாள், மன்றாட்டுமாலை, போனில் வரும் வசனம் என்று கூட்டிக்கொண்டு போனால், ஒரு நாள் தவறியதும் எல்லாமே கைவிட்டுப் போகும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற வேலையோடு செபத்தைக் கட்டுங்கள். தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்ததும் சிலுவை அடையாளம் போட்டு அன்றைய நாளை ஒப்புக்கொடுங்கள். 'எல்லாவற்றையும் தருகிறேன்' என்று பொதுவாகச் சொன்னால் பஸ் ஏறும் முன்பே மறந்துவிடும். 'பத்து மணிக்கு வரப்போகும் அந்த ஆளிடம் நான் எரிந்து விழாமல் இருக்க வேண்டும்' என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மத்தியானம் பன்னிரண்டுக்கு மூவேளைச் செபம், அதாவது வானதூதர் மரியாவுக்குச் சொன்ன செய்தியை நினைக்கும் சிறு செபம். மேசையில் இருந்தபடி மனதுக்குள் சொன்னால் இரண்டு நிமிடம். பாஸ்கா காலத்தில் (உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தக்கோஸ்து வரை) அதற்குப் பதிலாக 'விண்ணக அரசியே' என்ற செபத்தைச் சொல்ல வேண்டும். நேரம் தவறினால் விட்டுவிடுங்கள், கடன் போலச் சேர்த்துவைத்துச் சொல்ல வேண்டாம்.

செபமாலையைப் பற்றி மனச்சுமை வேண்டாம். ஞாயிறு திருப்பலியைப் போல அது கட்டாயக் கடமை அல்ல. ஐந்து பத்தும் (ஒரு பத்து என்பது பத்து 'அருள் நிறைந்த மரியே' கொண்ட பகுதி) சொல்ல இருபது நிமிடம் போதும். வீடுகளில் அது முக்கால் மணித்தியாலம் ஆவதற்குக் காரணம், பின்னால் சேர்த்துக்கொள்ளும் மன்றாட்டுமாலையும் மற்றச் செபங்களும்தான். பசியோடு வந்த பிள்ளை அங்கேதான் தூங்கி விழுகிறான். வேலைநாட்களில் அவன் வந்து கை கால் கழுவியதும், சோறு போடும் முன் ஒரு பத்து மட்டும் சொல்லுங்கள். அந்தப் பத்தில் தியானிக்கும் மறைபொருளை, அதாவது இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சியை, அவனே சொல்லட்டும்: திங்கள் மகிழ்ச்சி, செவ்வாய் துயர், புதன் மகிமை, வியாழன் ஒளி, வெள்ளி மறுபடி துயர். சனி அல்லது ஞாயிறு முழுதாகச் சொல்லுங்கள். பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுதும் நீங்கும் பேறு) பெற விரும்பினால் ஐந்து பத்தையும் இடைவிடாமல் சொல்ல வேண்டும், அதற்கும் அந்த நாள் வசதி.

வீட்டுச் செபத்தால் விசுவாசத்தைக் காப்பது உங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். 1687இல் கோவாவிலிருந்து வந்த குருவான புனித யோசேவ் வாஸ் கழுத்தில் செபமாலையோடு பிச்சைக்காரராக வந்து சேர்ந்தபோது, பக்கத்துச் சில்லாலையில் அவரை ஒளித்துக் காக்க விசுவாசிகள் இருந்தார்கள். பூசை கிடைக்காத அத்தனை வருடமும் விசுவாசத்தைக் காத்தவை வீடுகள்தான்.

நான் மிகவும் வற்புறுத்துவது இரவு ஆன்ம சோதனையை. திங்கள் விடிந்ததும் கடவுள் மறந்துபோவதற்கு மருந்து இதுதான். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காட்டிய முறைக்குப் பத்து நிமிடம் போதும். அன்று கிடைத்த நன்மைக்கு நன்றி, உண்மையைக் காண ஒளி கேட்பது, எழும்பியதிலிருந்து மணிக்கு மணி நாளைத் திருப்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாவது படியிலேயே நித்திரை வந்துவிடும், அடுப்படி வேலை முடிந்ததும் கதிரையில் இருந்து செய்யுங்கள். பலர் நன்றியைத் தாண்டி நேரே குற்றங்களுக்குப் போகிறார்கள். அப்படிச் செய்தால் சில நாளில் மனம் கசந்து அந்த நேரத்தையே தவிர்க்கப் பார்க்கும். பஸ்ஸில் இடம் தந்த பிள்ளை, உப்புச் சரியாக அமைந்த கறி, இப்படிச் சின்னதாகவே தொடங்குங்கள். 'பொறுமை இல்லை' என்று மொத்தமாகச் சொல்லி முடிக்காதீர்கள். ஆறேகாலுக்குச் சின்னவனின் சப்பாத்தைத் தேடும்போது என்ன சொன்னீர்கள், எந்தக் குரலில் சொன்னீர்கள் என்று பாருங்கள். தீர்மானமும் அந்தச் சப்பாத்தைப் பற்றியதாகவே இருக்கட்டும்: இரவே எடுத்து வாசலில் வைப்பது.

முதல் மாதம் இந்த ஆன்ம சோதனையும் காலை ஒப்புக்கொடுத்தலும் போதும். மற்றவற்றைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது, திரும்பத் திரும்ப வந்த அந்த ஒரு குற்றத்தை முதலில் சொல்லி, அதற்கு என்ன செய்யலாம் என்று பாதரிடமே கேளுங்கள்.