ஒரே லென்ஸோடு ஊர் சுற்ற: கேள்வி பதில்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினாலே எனக்கு வரும் குறுஞ்செய்தி ஒன்றுதான்: "அக்கா, ஒரே ஒரு லென்ஸ் எடுத்துப் போகணும், எது?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் சிங்கப்பூர் வாசகர்கள் எல்லாரையும் மொத்தமாகக் கேட்கச் சொன்னேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் பேட்டை. ட்ரோன், ஆக்‌ஷன் கேமரா பற்றி எனக்குத் தெரியாது. எந்த பிராண்டு உசத்தி என்ற சண்டைக்கும் நான் வரவில்லை.

தெம்பனிஸிலிருந்து ஒருவர்: சோனி ஏ6400, கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ் வைத்திருக்கிறேன். டிசம்பரில் மனைவி, பிள்ளைகளோடு மதுரை, தஞ்சாவூர் போகிறோம். சிக்மா 18-50 வாங்கவா, டாம்ரான் 17-70 வாங்கவா?

லென்ஸ் பெயரில் வரும் 18-50 போன்றவை மில்லிமீட்டர்: சின்ன எண்ணில் அகலமான காட்சி விழும், பெரிய எண்ணில் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். இரண்டுமே எஃப் 2.8 (இந்த எண் குறையக் குறைய அதிக வெளிச்சம் உள்ளே வரும்), இரண்டுமே நல்லவை. சிக்மா சுமார் 290 கிராம், டாம்ரான் 525 கிராம். டாம்ரானில் கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி உண்டு, சிக்மாவில் இல்லை. உங்கள் ஏ6400 உடலிலும் அது கிடையாது. அதனால் நடந்துகொண்டே வீடியோ எடுப்பவர் என்றால் டாம்ரான். படம் மட்டும்தான், அதுவும் ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு என்றால் சிக்மா. எடை கூடிய லென்ஸ் இரண்டாம் நாளே ஹோட்டல் அறையில் தங்கிவிடும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். ஊர் சுற்றும் லென்ஸில் எல்லாரும் பெரிய எண்ணைப் பார்க்கிறார்கள், நான் சின்ன எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். 50 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை, கேமராவைத் தரையருகே செங்குத்தாகப் பிடித்து மேல்நோக்கிச் சாய்த்து, அடி முதல் கலசம் வரை ஒரே படத்தில் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். உங்கள் கேமராவில் 16 மில்லிமீட்டர் என்றால் சுமார் 16 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 18 என்றால் சுமார் 22 மீட்டர். காகிதத்தில் ஆறு மீட்டர்தான். மதுரை சித்திரை வீதிகளைச் சுற்றியுள்ள கூட்டத்திலோ, இங்கே சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில் முன்னாலோ அந்த ஆறு மீட்டர் பின்னால் போய்ப் பாருங்கள், ஒன்று சுவர் இருக்கும், இல்லையென்றால் வண்டி வரும். எனவே கிட் லென்ஸை விற்காதீர்கள். 116 கிராம்தான், ஒரு ஓரமாகப் பையில் கிடக்கட்டும்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமரா, கைப்பேசி எதையும் விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம், திரும்பி வந்ததும் லென்ஸை டிரை கேபினட்டில், அதாவது ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்கு முன் அதை வாங்குங்கள்.

ஈசூன்: எதற்கு இவ்வளவு யோசனை? 18-300 ஒன்று வாங்கினால் எல்லாம் முடிந்ததே?

முடியலாம். டாம்ரான் 18-300 எடை 620 கிராம். நீட்டிய முனையில் அது எஃப் 6.3. பகல் வெயிலில் கவலையில்லை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) ஏறிக்கொண்டே போகும், படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோகும். வாங்குவதற்கு முன் உங்கள் பழைய பயணப் படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலானவை 70-க்குக் கீழே இருந்தால் 300 உங்களுக்கு வெறும் சுமை. பறவை, மண்டாய் விலங்குத் தோட்டம், எதிர்க்கரைப் படகு என்று நிறைய இருந்தால் தாராளமாக வாங்குங்கள், யார் சிரித்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

புக்கிட் பாத்தோக்: ஜூம் எல்லாம் சோம்பேறிகளுக்கு. ஒரு 35 ப்ரைம் (ஜூம் இல்லாத ஒற்றை நீள லென்ஸ்) போதும். கிட்டே வேண்டுமென்றால் நாலு எட்டு முன்னால் நட.

வந்துவிட்டீர்களா. இந்த வாதத்தில் பாதி சரி. ஒற்றை நீளத்தில் பழகினால் கண்ணே படத்தைக் கட்டம் கட்டிவிடும், உண்மைதான். ஆனால் நடப்பதும் ஜூம் செய்வதும் ஒன்றல்ல. நடந்தால் நீங்கள் நிற்கும் இடம் மாறுகிறது, முன்னால் நிற்பவருக்கும் பின்னால் இருக்கும் கட்டடத்துக்கும் உள்ள அளவு விகிதமும் கூடவே மாறுகிறது. ஜூம் செய்தால் விகிதம் மாறாது, படத்தின் சட்டம் மட்டும் சுருங்கும். மரீனா பேயில் மனைவியை நிறுத்தி, பின்னால் அந்த மூன்று கோபுர ஹோட்டல் பெரிதாகத் தெரிய வேண்டுமா? அவரைவிட்டுத் தள்ளி வந்து, நீளமான முனையில் எடுக்க வேண்டும். 35-ஐ வைத்துக்கொண்டு கிட்டே நடந்தால் மனைவி பெரிதாவார், ஹோட்டல் தீப்பெட்டியாகிவிடும். அது மட்டுமா, தண்ணீருக்கு மேல் நாலு எட்டு எப்படி நடப்பீர்கள்?

செங்காங்: அக்கா சொல்வதும் வேண்டாம், அவர் சொல்வதும் வேண்டாம். என் கைப்பேசியில் மூன்று லென்ஸ் இருக்கிறது.

வெயிலில், திரையில் பார்க்கும் படத்துக்கு அது போதும், நானே எடுக்கிறேன். உள்ளரங்கில் ஓடும் பிள்ளையை எடுத்துக் காட்டுங்கள், பேசுவோம்.

மறுபடி புக்கிட் பாத்தோக்: அந்தக் காலத்தில் ஒற்றை லென்ஸோடு உலகத்தையே எடுத்தார்கள்.

எடுத்தார்கள். அவர்கள் பின்னால் "அப்பா, கழிவறை எங்கே?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு பிள்ளைகள் வரவில்லை. தனியாகப் போகும்போது நானும் ஒரு ப்ரைம்தான் மாட்டுகிறேன், குடும்பத்தோடு போகும் தெம்பனிஸ்காரரை அப்படிப் போகச் சொல்ல மாட்டேன். இதற்கு மேல் நீங்களும் செங்காங்கும் காப்பிக்கடையில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஜூரோங்: 18-200 நல்லதா?

ஈசூனுக்குச் சொன்னதுதான்.

பிடோக்: கேனன் ஆர் வரிசை முழுச்சட்டக் கேமரா. 24-70 எஃப் 2.8-ஆ, 24-105 எஃப் 4-ஆ?

பயணத்துக்கு 24-105. அது 700 கிராம், மற்றது 900. உங்கள் கேமராவின் பெரிய சென்சாருக்கு அந்த ஒரு படி வெளிச்சம் பெரிய இழப்பில்லை. நிக்கான் இசட் வைத்திருப்பவர் யாராவது இதையே கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: 24-120 எஃப் 4, 630 கிராம்.

அங் மோ கியோ: தைப்பூசத்தன்று இரவில் எடுக்கவும் அதே லென்ஸ் போதுமா?

எஃப் 2.8 என்றால் போதும். பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் கிளம்பும் இருட்டில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600-இல் கிடைக்கும் படத்துக்கு, எஃப் 5.6 லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 வேண்டும். கை ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இங்கே உதவாது. அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், ஆடும் காவடியை நிறுத்தாது. முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

பொங்கோல்: ஹொக்கைடோ போகிறோம். குளிரில் லென்ஸ் கெடுமா?

குளிரில் கெடாது, உள்ளே வரும்போதுதான் வம்பு. பனியிலிருந்து சூடான அறைக்குள் நுழைவதற்கு முன், வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறங்கள், நீர் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. நம் ஊரில் இதே கதை தலைகீழ்: குளிரூட்டிய கண்ணாடித் தோட்டமான ஃபிளவர் டோமிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் கண்ணாடி நீர் படிந்து வெளுத்துப்போகும். துடைத்துத் துடைத்துப் பூச்சைக் கெடுக்காமல் சும்மா விடுங்கள். பேட்டரியைச் சட்டைப்பைக்குள் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும்.

அங்கே லென்ஸ் வாங்கும் திட்டம் இருந்தால்: 48 மணி நேரமோ அதற்கு மேலோ சிங்கப்பூருக்கு வெளியே இருந்து திரும்புபவருக்கு 500 வெள்ளி வரைதான் பொருள் சேவை வரி விலக்கு. மீதிக்கு 9 சதவீதம் கட்ட வேண்டும்.

உட்லண்ட்ஸ்: பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கம் பழைய லென்ஸ் வாங்கலாமா?

வாங்கலாம். கடையிலேயே கைப்பேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறு பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை, கீழே வைத்துவிட்டு வாருங்கள். தூசி இரண்டு மூன்று துகள் இருந்தால் பரவாயில்லை. ஜூம் வளையத்தை முழுக்கச் சுற்றுங்கள், உங்கள் கேமராவில் மாட்டி ஃபோகஸ் பாருங்கள். லோக்கல் செட்டா (இங்குள்ள முகவர் விற்றது), எக்ஸ்போர்ட் செட்டா (வெளியிலிருந்து தனியாக வந்தது) என்று கேட்டு விலை பேசுங்கள், உத்தரவாதம் அதைப் பொறுத்தது. இங்கே காற்றில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். அலமாரியில் சட்டைகளோடு கிடந்த லென்ஸ்தான் பாதி விலைக்கு வரும். வாங்கியதை 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். ஆமாம், டிரை கேபினட்.

ஜூரோங்: டிரை கேபினட் கட்டாயமா அக்கா? சிலிகா ஜெல் போதாதா?

காற்றுப் புகாத டப்பா, சின்ன ஈரப்பதமானி, நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றும் பொறுமை, மூன்றும் இருந்தால் போதும். பொறுமை இல்லாதவருக்குத்தான் கேபினட்.

சோவா சூ காங்: அக்கா, நாளைக்கு ஃப்ளைட். இன்றைக்கு 18-200 வாங்கிவிடவா?

வேண்டாம். இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள், சார்ஜரை மறக்காதீர்கள்.