சூரியகாந்திகளுக்குள் துக்கம் இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே 1881ல் வரைந்த, வெத்தேய் என்ற ஊரில் அவர் வீட்டுத் தோட்டத்து ஓவியம் பற்றி ஒரு விளக்கம் படித்தேன். படிக்கட்டு சொர்க்கத்துக்கு ஏறும் வழியாம், சூரியகாந்திகள் இறந்துபோன மனைவி கமீலின் நினைவாம், பாதையில் சின்ன வண்டியோடு தனியே நிற்கும் பையன் தாயில்லாத் துயரமாம். எனக்குப் பார்த்ததும் சந்தோஷம்தான் வந்தது. நான் மேலோட்டமாகப் பார்க்கிறேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இல்லை, சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பையன் தனியாகவும் இல்லை. பின்னால் படியில் ஒரு பெண்ணும் இன்னொரு குழந்தையும் நிற்கிறார்கள். படிக்கட்டு ஏறுவது வீட்டை நோக்கி.

கமீல் 1879 செப்டம்பரில், 32 வயதில், அதே ஊரில் இறந்தார் என்பது உண்மை. ஆனால் அவருடைய இறந்த முகத்தையே மோனே வரைந்திருக்கிறார். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நேராக வரைந்தவர் துக்கத்தைப் பூவுக்குள் ஒளித்துவைப்பானேன்? முல்லை என்றால் காத்திருத்தல் என்பது சங்கப் புலவருக்கும் கேட்டவர்களுக்கும் பொதுவாக இருந்த மரபு. மோனேவுக்கும் பார்வையாளர்களுக்கும் இடையே அப்படி ஒன்று கிடையாது. சூரியகாந்தி என்றதும் நமக்கு ஒரு சோகம் ஒட்டிக்கொள்வது ஓவியர் வான்கோவால்; அவருடைய சூரியகாந்திகள் இதற்குச் சில வருடங்கள் பிந்தியவை. மோனே செடி பைத்தியம். பாதையோரத்து நீல வெள்ளைத் தொட்டிகள், வீடு மாறும்போதெல்லாம் அவர் கூடவே தூக்கிக்கொண்டு போனவை. அவற்றுக்கும் யாராவது அர்த்தம் கண்டுபிடித்திருப்பார்கள்!

சரி, அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது? நம்மைக் கீழே நிறுத்தி மேலே பார்க்க வைக்கிறார். இருபுறமும் ஆளை விழுங்கும் உயரத்தில் செடிகள், மேலே கொஞ்சம் வானம். சின்னப் பிள்ளைக்குத் தோட்டம் இப்படித்தான் தெரியும். முன்னால் பாதையில் விழும் நிழலைப் பாருங்கள், கறுப்பே இல்லை, நீலமும் ஊதாவும். நிழலுக்குள்ளும் வெயில் புகுந்திருக்கிறது. இரண்டு பக்கச் செடிகளும் நெருக்குவதில் லேசான மூச்சுமுட்டல் இருப்பதாக எனக்குத் தோன்றும். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

துக்கத்தைத்தான் தேடுகிறீர்கள் என்றால், கமீல் இறந்ததும் வந்த குளிர்காலத்து ஓவியங்களுக்குப் போங்கள். 1880 ஜனவரியில், உறைந்திருந்த ஸேன் நதியில் பனி உடைந்தபோது மோனே அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சாம்பல் வெளிச்சத்தில் பனிப்பாளங்கள் மிதந்து போகின்றன. தோட்டத்தை விட அங்கேதான் எனக்கு மனசு கனத்தது. அதற்காக உடைந்த பனி உடைந்த மனசு என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வருடக் குளிரில் ஆறு நிஜமாகவே உறைந்து உடைந்தது.